காற்று இறங்கிய பந்து

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் 1999 வரை கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர் ஜான் தாம்ப்ஸன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தந்தையின் மகன். 1984-இல் அவருடைய அணி நாட்டின் கல்லூரி வாகையர் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவரே. அத்தகையவர் தம் அலுவலகத்தில் காற்று இறங்கிய கூடைப்பந்து ஒன்றை வைத்திருந்தார். குதிக்காத பந்து, ஆட உதவாத பந்து. தம்மிடம் ஆட வந்த இளைஞர்களுக்கு அவர் அதைக் காட்டுவார். என்றேனும் ஒருநாள் உன் பந்திலும் காற்று இறங்கும். அன்று உன்னிடம் எஞ்சியிருப்பது என்ன? இதுதான் அப்பந்து கேட்ட கேள்வி.

‘நீ யார்?’ என்னும் வினா தத்துவ ஏடுகளில் மட்டும் வாழ்வதன்று. இருபது வயது இளைஞன் ஒருவன் முழங்கால் முறிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போது, அது அவன் தலைமாட்டில் வந்து நிற்கிறது. நேற்றுவரை அவன் பெயரைச் சொல்லி ஆரவாரித்த கூட்டம் இன்று வேறொரு பெயரைச் சொல்லி ஆரவாரிக்கிறது. அப்போது அவன் யார்? ஒரு மனிதனை அவனுடைய ஒரே ஒரு திறமைக்காக மட்டும் போற்றுவது அவனுக்குச் செய்யும் மரியாதையா, அநீதியா? அத்திறமையால் பயன் பெற்றவர்கள் அவனுடைய எஞ்சிய பகுதிக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் ஆடும் கறுப்பின இளைஞர்களின் வாழ்வை முன்வைத்து இவ்வினாக்களை நாம் சிந்திப்போம்.

முதலில் அந்நாட்டு வழக்கமொன்றை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது மாலைநேரப் பொழுதுபோக்கன்று. கோடிக்கணக்கான டாலர் புரளும் பெருந்தொழில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோருள் மிக அதிகம் பெறுபவர், ஆளுநரல்லர், பல்கலைக்கழக விளையாட்டுப் பயிற்சியாளர். இத்தனை செல்வத்தையும் ஈட்டித் தருபவை இரண்டே ஆட்டங்கள்: அமெரிக்கக் கால்பந்தும் ஆடவர் கூடைப்பந்தும். இவ்விரண்டிலும் பெரும்பான்மையாக ஆடுவோர் கறுப்பின இளைஞர்கள்.

இவர்களுக்கு அந்த வாசல் திறந்த வரலாறு நினைவில் நிறுத்தத்தக்கது. 1962-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் ஒரே ஒரு கறுப்பின மாணவர் சேர்வதற்கு மத்திய அரசின் படைகள் துணை நிற்க வேண்டியிருந்தது. கலவரத்தில் இருவர் மாண்டனர். 1966-இல் டெக்ஸஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐந்து கறுப்பின வீரர்களை முதல் வரிசையில் நிறுத்தி, முழுக்க வெள்ளையர்களாலான கென்டக்கி அணியை இறுதியாட்டத்தில் தோற்கடித்தது. அதன்பின் தென்மாநிலங்களின் பெரிய அணிகள் ஒவ்வொன்றாகக் கறுப்பின இளைஞர்களைத் தேடத் தொடங்கின. 1971-இல் அலபாமாவின் கால்பந்து அணியிலும் அவர்கள் களமிறங்கினர். வாசல் திறந்தது என்பது மெய். ஆனால் எந்த வாசல்? நூலகத்தின் வாசல் அகலத் திறப்பதற்கு முன்பே மைதானத்தின் வாசல் அகலத் திறந்துவிட்டது.

அந்த ஏற்றத்தாழ்வு இன்றும் தீர்ந்தபாடில்லை. தென்கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ஹார்ப்பர் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, விளையாட்டில் முதன்மை பெற்ற 65 பல்கலைக்கழகங்களை ஆராய்ந்தது. அவற்றின் இளநிலை மாணவர்களுள் கறுப்பின ஆடவர் நூற்றுக்கு 2.4 பேர். கால்பந்து அணிகளிலோ நூற்றுக்கு 55 பேர். கூடைப்பந்து அணிகளில் 56 பேர். ஆறாண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்களைக் கணக்கிட்டால், எல்லா மாணவர்களிலும் நூற்றுக்கு 76.3 பேர், கறுப்பின விளையாட்டு வீரர்களில் 55.2 பேர் மட்டுமே. ஆடாத கறுப்பின ஆடவர்களைவிடவும் ஆடியவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ‘ஆட்டம் அவனைப் படிக்க வைத்தது’ என்று பெருமை பேசுவோர் இக்கணக்கின்முன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும்.

ஆட்டம் அவனுக்குப் பிழைப்பைத் தந்துவிடும் என்பாரும் உளர். கல்லூரி அணிகளில் இவ்விரு ஆட்டங்களை ஆடுவோருள் தொழில்முறை அணிகளுக்குத் தெரிவாகிறவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. தெரிவான சிலரும் ஆடப்போவது ஒருசில ஆண்டுகளே. முப்பது வயதில் முடிந்துபோகும் வேலைக்காக ஒருவனது வாழ்நாள் முழுவதையும் அடகு வைக்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் அழகிய பெயர் உண்டு: ‘மாணவ விளையாட்டு வீரர்’. கேட்கும்போது மாணவன் முன்னும் வீரன் பின்னுமாக இனிக்கிறது. ஆனால் அச்சொல் பிறந்த கதை அத்தனை இனிமையானதன்று. 1950-களில், ஆடும்போது காயமுற்றவர்களும் மாண்டவர்களின் குடும்பங்களும் தொழிலாளருக்குரிய நட்டஈட்டைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குகளைத் தடுக்கவே, கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் அப்பெயரை வழக்கத்துக்குக் கொண்டு வந்தது. சங்கத்தை 1951 முதல் 1987 வரை நிர்வகித்த வால்டர் பையர்ஸ் என்பவரே, ஓய்வு பெற்ற பின் 1995-இல் வெளியிட்ட நூலில் இதனை ஒப்புக்கொண்டு, தாம் கட்டிய மாளிகையைத் தாமே கண்டித்தார். அவன் தொழிலாளி என்று கூலி கேட்டால், ‘இல்லை, நீ மாணவன்’ என்றார்கள். மாணவன் என்று கல்வி கேட்டாலோ, பயிற்சிக்கு மணியாகிவிட்டது என்றார்கள்.

இதன் விளைவை இரு வாழ்வுகளில் காணலாம். கெவின் ராஸ் என்னும் இளைஞர் 1978 முதல் 1982 வரை க்ரெய்ட்டன் பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடினார். நான்காண்டு முடிந்து வெளியேறியபோது, அவருடைய வாசிப்புத் திறன் ஏழாம் வகுப்பு மாணவனுடையதாக இருந்தது. மொழித்திறன் நான்காம் வகுப்பினதாக இருந்தது. பிறகு அவர் சிகாகோவில் மார்வா காலின்ஸ் என்னும் ஆசிரியை நடத்திய பள்ளிக்குச் சென்று, ஆறடி ஒன்பதங்குல உடலைக் குறுக்கிக்கொண்டு, சிறு குழந்தைகளோடு உட்கார்ந்து படித்தார். அவருக்கு அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு. மற்றொருவர் டெக்ஸ்டர் மான்லி. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடித் தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்ற அவர், 1989-இல் அமெரிக்க மேல்சபையின் குழுமுன் வந்து, தாம் படிக்கத் தெரியாமலேயே கல்லூரியைக் கடந்து வந்ததைக் கண்ணீரோடு எடுத்துரைத்தார்.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்க இயலாது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை பெயரளவு வகுப்புகள் நடந்தன. வகுப்பு கூடவில்லை, பேராசிரியர் முகங்காட்டவில்லை, ஒரு கட்டுரை கொடுத்தால் உயர்ந்த மதிப்பெண் வந்தது. இவ்வகையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயின்றதாகவும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. இதில் வேதனை என்னவெனில், அவ்வகுப்புகள் நடந்தது ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறும் பண்பாடும் பயிற்றுவதற்கென்று அமைந்த துறையில். தன் முன்னோர் யார் என்று ஒருவன் அறியவேண்டிய அதே இடத்தில், அவனுக்கு வெற்றுத்தாள் நீட்டப்பட்டது.

‘அவன் விரும்பித்தானே வந்தான்? அவனை யார் கட்டாயப்படுத்தினார்கள்?’ என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. இசைக் கலைஞனும் இளமையிலேயே ஒன்றில் மூழ்குகிறான். மருத்துவம் பயில்பவனும் வேறெதையும் நினைப்பதில்லை. வீரனுக்கு மட்டும் என்ன தனி வழக்கு?

விடை, அவ்விருப்பம் பிறந்த விதத்தில் இருக்கிறது. தேர்ந்து பார்க்க வாய்ப்பின்றி, இளமையிலேயே ஒரே அடையாளத்துக்குள் ஒருவன் தன்னைப் பூட்டிக்கொள்வதை உளநூலார் ஒரு நிலையாகவே பிரித்துக் காட்டுகிறார்கள். ஜேம்ஸ் மார்ஷியா என்பவர் 1966-இலேயே இதனை விளக்கினார். பத்து வயதுச் சிறுவன் உயரமாக வளர்ந்தான் என்பதற்காக, அவனைக் கண்டவர் அனைவரும் பந்தைப் பற்றியே கேட்கிறார்கள். என்ன படிக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் அவனைப் போன்ற முகம் தோன்றும்போதெல்லாம் அது மைதானத்திலேயே தோன்றுகிறது. பத்துக் கதவுகள் உள்ள வீட்டில் ஒன்பதைச் சாத்திவிட்டு, பத்தாவது வழியாக வெளியே வந்தவனைப் பார்த்து, ‘நீயாகத் தேர்ந்த வழி’ என்பது முறையா?

அத்துடன் நிறத்தின் சுமையும் சேர்கிறது. கறுப்பினத்தவனுக்கு உடல் உண்டு, அறிவு குறைவு என்னும் பொய்யை அடிமை வணிகத்தின் காலந்தொட்டு ஒரு சமுதாயம் தனக்குத்தானே சொல்லி வந்திருக்கிறது. அப்பொய் காற்றில் கலந்து, சுவாசிப்பவர் உள்ளத்திலும் இறங்குகிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரே கோல்ஃப் ஆட்டத்தைத் தந்தார்கள். இது விளையாட்டறிவைச் சோதிப்பது என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் தடுமாறினர்; பிறவியிலேயே அமைந்த உடல்திறனைச் சோதிப்பது என்று சொன்னபோது வெள்ளை மாணவர்கள் தடுமாறினர். ஆட்டம் ஒன்றே, மாறியது ஒரு சொல். ஒரு சொல்லுக்கே இத்துணை வலிமை என்றால், பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்த சொற்களுக்கு எத்துணை வலிமை இருக்கும்!

நோய் இதுவென்றால் மருந்து என்ன? இங்கேதான் நல்லவர்களும் வேறுபட்டு நின்றார்கள். 1986 முதல், முதலாண்டில் ஆட விரும்பும் மாணவன் பள்ளிப் பாடங்களில் குறிப்பிட்ட தரமும் நுழைவுத் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் பெற்றிருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1989-இல் அவ்விதியை இறுக்கி, தரம் எட்டாதவனுக்கு உதவித் தொகையே இல்லை என்று ஆக்க முனைந்தனர். டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் இறுக்கத்தை ஆதரித்தார். 1975-இல் விம்பிள்டனை வென்ற அவர், 1977-இலேயே கறுப்பினப் பெற்றோருக்குப் பகிரங்கக் கடிதமெழுதி, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் ஊக்கத்தோடு நூலகத்துக்கும் அனுப்புமாறு வேண்டியவர். நம் பிள்ளைகளால் இயலாது என்று தரத்தைத் தாழ்த்துவது அவர்களை அவமதிப்பதாகும் என்பது அவர் கருத்து.

ஜான் தாம்ப்ஸனோ, 1989 ஜனவரியில் ஆட்டம் தொடங்கும் வேளையில் அரங்கைவிட்டு வெளியேறித் தம் எதிர்ப்பைக் காட்டினார். வறிய பள்ளியில் படித்தவனை வசதியுள்ளோர்க்கேற்ற தேர்வால் அளந்து, அவனுக்கிருந்த ஒரே வாசலையும் அடைப்பது அநீதி என்பது அவர் வாதம். அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது.

இருவரில் யார் சொன்னது சரி? நாம் இருவர் சொல்லிலும் மெய்யைக் காண்கிறோம். அவனால் இயலும் என்று நம்புவதும் மரியாதை. அவன் எங்கிருந்து வருகிறான் என்று பார்ப்பதும் மரியாதை. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையெனில், முன்னது கொடுமையாகிவிடும். பின்னது வெறும் இரக்கமாகிவிடும். தாம்ப்ஸன் வாசலைத் திறந்து வைக்கச் சொன்னதோடு நின்றாரல்லர். உள்ளே வந்தவனின் படிப்பைக் கண்காணிக்க ஆசிரியை ஒருவரை நியமித்து, ஆட்ட நேரத்தில் தம் அணியின் வரிசையிலேயே அவரை அமரச் செய்தார். பாடம் தவறினால் ஆட்டமில்லை என்பதை வீரர்கள் கண்முன்னே கண்டார்கள்.

அண்மைக்காலத்தில் பணம் என்னும் மருந்தும் வந்திருக்கிறது. 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் விளம்பர வருவாய் ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கும் சற்று மேல் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். உழைத்தவனுக்குக் கூலி தருவது நீதியே; அது காலந்தாழ்ந்து வந்த நீதி. ஆயினும் கூலி ஒரு கேள்விக்கே விடை. அவன் உழைப்பின் விலையை அது சொல்கிறது. அவன் யார் என்பதைச் சொல்லவில்லை. அதிகம் தரும் கல்லூரியைத் தேடி ஆண்டுதோறும் இடம் மாறுபவனுக்குப் பட்டம் இன்னும் தொலைவுக்குப் போய்விடலாம். முன்பு அவனிடமிருந்து உடலை இரவல் வாங்கினார்கள். இன்று விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டிலும் அவனுடைய உள்ளம் பேச்சில் வரவேயில்லை என்றால், பெற்றதன்ன?

முழு மனிதனாக வாழ்ந்து காட்டியவர்கள் இல்லாமலில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிய தந்தைக்குப் பிறந்த பால் ராப்ஸன், 1915-இல் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். பயிற்சியின் தொடக்கத்திலேயே சக வீரர்கள் அவர் மூக்கை உடைத்தனர். 1916-இல் கறுப்பனோடு ஆடமாட்டோம் என்று எதிரணி சொன்னதும் கல்லூரி அவரை வெளியே அமர்த்தியது. அவரோ நாட்டின் தலைசிறந்த கால்பந்து வீரர்களுள் ஒருவராகவும் வகுப்பின் முதல் மாணவராகவும் 1919-இல் வெளியேறினார். பின்னர்ச் சட்டம் பயின்றார். பாடகராக உலகெங்கும் அறியப்பட்டார். மைரன் ரோல் என்பவர் 2009-இல் தொழில்முறைக் கால்பந்தைத் தள்ளிவைத்து, ரோட்ஸ் உதவித் தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு வீரர் தெரிவில் ஆறாவது சுற்றுவரை காத்திருக்க நேர்ந்தது. பின்னர் மூளை அறுவை மருத்துவத்தைத் தம் துறையாக்கிக் கொண்டார்.

நம் வாசகர்கள் நன்கறிந்த பெயரொன்றும் இவ்வரிசையில் உண்டு. 1965 முதல் 1969 வரை லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லூ அல்சிண்டர் என்னும் ஏழடி இளைஞர் ஆடினார். தொடர்ந்து மூன்றாண்டுகள் அணிக்கு வாகையர் பட்டம் பெற்றுத் தந்தார். அவ்விளைஞர் படிக்கவும் செய்தார். பள்ளிப் பருவத்திலேயே ஹார்லெமில் இளைஞர் பத்திரிகைப் பயிற்சியில் சேர்ந்து எழுதினார். கல்லூரியில் வரலாறு பயின்றார். மால்கம் எக்ஸின் சுயசரிதையைப் படித்துத் தம்மையே கேள்வி கேட்டுக்கொண்டார். அக்கேள்வியின் முடிவில் இஸ்லாத்தைத் தழுவினார். 1971-இல் கரீம் அப்துல் ஜப்பார் என்னும் பெயரை உலகம் அறியச் செய்தார். 1967-இல், போருக்குச் செல்ல மறுத்த முஹம்மது அலீக்குத் துணையாக க்ளீவ்லாந்தில் கூடிய வீரர்களிடையே அவர் ஒரு கல்லூரி மாணவராக அமர்ந்திருந்தார். ஆட்டக்களத்தில் இருபதாண்டுகள் நின்றபின், வரலாற்று நூல்களும் கட்டுரைகளும் எழுதி வருபவரானார். அவர் பந்தை வெறுத்தவரல்லர். பந்துக்குள் தம்மை அடைத்துக்கொள்ள மறுத்தவர்.

ஆதலால் ஆட்டத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. எதிரியின் அசைவை நொடியில் கணிப்பதும், தோல்வியை விழுங்கி மறுநாள் விடியலில் எழுவதும், தன் புகழைவிட அணியின் வெற்றியைப் பெரிதெனக் கொள்வதும் அறிவின் செயல்களே. அவ்வறிவு உன்னுடையது, அதை வேறிடத்துக்கும் எடுத்துச் செல்லலாம் என்று அவனுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். பயிற்சி நேரத்தோடு மோதுகிறது என்பதற்காக அவன் விரும்பிய பாடத்தைக் கைவிடச் செய்யாத கல்லூரி வேண்டும். அவனைப் போன்ற நிறமுடைய பேராசிரியர் ஒருவரை அவன் வகுப்பறையில் காண வேண்டும். படிப்பை முடிக்காமல் சென்றவன் திரும்பி வர வழி வேண்டும். ரிச்சர்டு லாப்சிக் 1985-இல் தொடங்கிய கல்லூரிகளின் கூட்டமைப்பு அவ்வழியை அமைத்தது: பழைய வீரர்கள் கட்டணமின்றிப் பட்டப்படிப்பைத் தொடரலாம், கைம்மாறாக இளஞ்சிறாருக்கு வழிகாட்ட வேண்டும்.

ஓர் இளைஞன் கல்லூரியின் கையில் ஒப்படைக்கப்படும் அமானிதம். ஒப்படைத்தவள் ஒரு தாய். அவள் ஒப்படைத்தது தோளையும் காலையும் மட்டுமன்று. பெற்றதை முழுமையாகத் திருப்பித் தருவதே அமானிதத்தின் இலக்கணம். கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையைப் பாதியாகத் திருப்பி அனுப்புவோர் அதனைக் காத்தவராகார்.

தாம்ப்ஸன் 2020-இல் மறைந்தார். அவர் அந்தப் பந்தைக் காட்டியது, இளைஞன் புகழின் உச்சியில் ஏறும் முன்பே; முழங்கால் முறிந்தபின் அன்று. ‘நீ யார்?’ என்னும் கேள்வியை ஆரவாரம் ஓய்ந்தபின் கேட்டால் அது தண்டனை; ஆரவாரத்தின் நடுவே, அன்போடு, பக்கத்தில் அமர்ந்து கேட்டால் அது கல்வி. கேட்கும் துணிவு பெரியவர்களுக்கு வேண்டும். விடை தேடும் அவகாசம் அவனுக்கு வேண்டும்.